மூன்றாம் முறை தட்டுதல்

ஊரில் எண்ணூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
பிஷ்கெக்கில் ஒரு கணினி கண்ணை மூடிக்கொண்டு
அறுபதைத் தொட்டது.
பதினேழாவதாகத் தொட்டது எர்மெக்கின் வீட்டை.
சன்னல் சட்டம் நீலம். புகைபோக்கியில் ஒரு செங்கல் இல்லை.
நாய் இருக்கிறது, ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு ஜீபார் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.
என் கழுத்தட்டையில் பெயரைப் படித்து,
"என்னைக் கேளேன் பெர்மெத்,
எனக்கும் அடுப்பு உண்டு, எனக்கும் நெஞ்சு உண்டு,
தேநீர் கொதித்துவிட்டது."
மேசையில் பொரித்த போர்சோக், வெண்ணெய்.
என் கால்விரல்கள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன.
ஆனால் கையேடு, பக்கம் ஒன்பது:
ஆளில்லாத வீட்டுக்குப் பதிலாக
ஆளிருக்கும் வீட்டை எடுக்காதே.
மும்முறை போ. வேறு வேறு நேரத்தில் போ.

பயிற்சியின்போது இது மேலிடத்துப் பிடிவாதமாகப் பட்டது.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமென்றால்
எந்தச் சோறானால் என்ன?
பிறகு ஒருநாள் கொப்பரையில் புலாவ் வைத்தேன்.
மேலாக ஒரு பருக்கை எடுத்து நசுக்கி
வெந்தது என்று இறக்கினேன்.
அடியில் கரி.

பகலில் தட்டினால் திறப்பவர்கள் இந்த ஊரின் மேற்சோறு:
மாடு கறப்பவர்கள், வேலை போனவர்கள்,
பேச ஆள் கிடைக்காதவர்கள்.
அடிச்சோறு சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றி
இரவெல்லாம் லாரி ஓட்டுகிறது.
நான் கேட்க வந்ததோ
புகையையும் இருமலையும் பற்றி.

இரண்டாம் முறை, ஞாயிறு மாலை.
நாய் என்னை மன்னித்திருந்தது.
பூட்டு மன்னிக்கவில்லை.
படிவத்தில் அதற்கும் ஓர் எண் உண்டு:
03, வீட்டில் இல்லை. 04, மறுத்தார். 05, ஊரைவிட்டுப் போனார்.
06 எழுதும்போது பேனா சற்று நிற்கும்.
முப்பத்தொன்றாம் வீட்டில் எழுதினேன்.
இருமலைப் பற்றி எல்லோரையும்விட
அதிகம் தெரிந்திருந்த ஒருவர் போய்விட்டதால்
ஊரின் சராசரி
கொஞ்சம் ஆரோக்கியமானது.

இரவு மேற்பார்வையாளர் போனில் வந்தார்.
"பதினேழை நிரப்பிவிடு. யாருக்குத் தெரியப்போகிறது?"
யாருக்கும் தெரியாது.
அதனால்தான் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் முறை, விடியுமுன் ஐந்தேகாலுக்கு.
மைனஸ் இருபத்திரண்டு.
வாசலில் லாரி, ஆறும் எஞ்சினின் டிக் டிக்.
எர்மெக் கதவைத் திறந்தார்,
கண்ணைச் சுற்றி மட்டும் தோலின் நிறம்.
"ஏன் நான்?"
"சீட்டு விழுந்தது."
"லாட்டரியில்கூட விழுந்ததில்லை. பரிசு?"
"முப்பத்தெட்டுக் கேள்விகள்."
சிரித்தார்.
சிரிப்பு பாதிவழியில் இருமலாயிற்று.

கேள்வி பன்னிரண்டு.
எழுதியபடியே படிக்க வேண்டும்,
ஒரு சொல் கூட்டாமல், குரலில் இரக்கம் கலக்காமல்,
'இருமல் உண்டுதானே' என்று
பதிலைக் கேள்விக்குள் வைத்து ஊட்டாமல்:
கடந்த ஏழு நாட்களில் உங்களுக்கு இருமல் இருந்ததா?

அவர் என்னைப் பார்க்கவில்லை.
அடுப்போரம் கையைச் சூடுகாட்டிக்கொண்டிருந்த
சுரங்க மேஸ்திரியைப் பார்த்தார்.
மருத்துவச் சோதனையில் தேறாதவருக்கு
வசந்தத்தில் வண்டி கிடையாது.
"இல்லை" என்றார்.

இல்லை என்று குறித்தேன்.
அவர் சொன்னதுதான் தரவு.
வீட்டில் வேறு ஆள் இருக்கக் கேட்கக் கூடாது என்று
கையேட்டில் எங்கேனும் இருக்கும்,
நான் ஒன்பதாம் பக்கத்தையே பிடித்துக்கொண்டிருந்தேன்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
நாற்பது நிமிடத்தில் பதினொரு முறை.
ஓரங்களைக் கணினியில் ஏற்ற மாட்டார்கள்.

வெளியே வந்தால் ஜீபார், கையில் சாம்பல் வாளி.
"கிடைத்தானா?"
கிடைத்தாரா?
தெரியாது என்பதற்கு எண் 98.
"அவன் வந்துவிட்டால் சுவரே சொல்லிவிடும்," என்றாள்,
"அந்த இருமலில் என் கோப்பைகள் ஆடும்."
பட்டியலில் இல்லாத வீடு.
உள்ளே போனேன், எதையும் கேட்காமல்
தேநீர் குடித்தேன்.